எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து?

மதுரையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் எங்கள் வீட்டில் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் வரும். சமையலறை, காற்றோட்டம், வாடகை எல்லாம் அதற்கப்புறம். 2022 நவம்பரில் கணவரும் நானும் ஆறு வயது மகனுமாக டொரன்டோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வந்து இறங்கியபோது, அந்த ஊரில் வீடு பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எதுவென்று எங்களுக்குத் தெரியவில்லை. வாடகையைக் கேட்டோம். ஹீட்டிங்கும் வெந்நீரும் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டோம். பள்ளிக்கூடம் பக்கமா என்று கேட்டோம். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைத்தது. வளைந்து செல்லும் ஒரு தெருவின் உள்ளே, ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியேறினோம்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. அது ஒரு தூரமே இல்லை என்று நினைத்தோம். ஊரில் அதைவிட அதிகம் நடந்தவர்கள்தானே. ஆனால் அந்தத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணிக்கு ஒரு பேருந்துதான். ஜனவரியில் ஒரு ஞாயிறு, மகனுக்குக் குளிர்கால பூட்ஸ் வாங்கக் கிளம்பினோம். தெருமுனை திரும்பும்போதே பேருந்து எங்களைக் கடந்து போனது. மைனஸ் பதினான்கு டிகிரி. நிறுத்தத்தில் ஒரு கம்பமும் அதன் மேல் ஒரு பலகையும் மட்டும் இருந்தன; ஒதுங்கி நிற்க இடம் கிடையாது. பனி அள்ளும் வண்டி சாலையைச் சுத்தம் செய்து ஓரத்தில் ஒதுக்கியிருந்த பனிமேடு என் முழங்கால் உயரம். மகன் முதல் பத்து நிமிடம் அதில் ஏறி விளையாடினான். அடுத்த பத்து நிமிடம் கால் வலிக்கிறது என்றான். அதற்கப்புறம் பேசவில்லை. குழந்தை பேசாமல் இருப்பதற்குப் பயப்பட வேண்டும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். அவன் காலணிகளைக் கழற்றி, என் கோட்டுக்குள் அவன் பாதங்களை வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வாழ்க்கையைத் தீர்மானித்தது அந்த அரை மணி நேரம்தான். நூலகத்துக்குப் போகலாமா, வேண்டாமா? பால் நாளைக்கு வாங்கினால் போதுமா? யாராவது அழைத்தால் போவதா, தலைவலி என்று சொல்லிவிடுவதா? பக்கத்தில் இருந்ததெல்லாம் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

மார்ச்சில், மார்க்கம் சாலையும் லாரன்ஸ் சாலையும் சந்திக்கும் பக்கம், ஒரு தமிழ்க் கடை வாசலில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதை நெருங்கியவர். இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் அரிசி மூட்டையும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளிலும் பைகளோடு நின்றதைப் பார்த்துவிட்டு அவரே பேச்சுக் கொடுத்தார். வேறு வீடு தேடுகிறோம் என்றேன். “பிள்ளை, தூரத்தைக் கேக்காதேங்கோ. எத்தினை நிமிசத்துக்கு ஒரு பஸ் வரும் எண்டு கேளுங்கோ. ஞாயிற்றுக்கிழமையும் அப்பிடியோ எண்டு கேளுங்கோ” என்றார்.

தண்ணீருக்குக் கேட்ட அதே கேள்வி! ஐந்து மாதம் குழந்தையைக் குளிரில் நிறுத்திய பிறகு, கடை வாசலில் நின்று அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கட்டங்களுக்குள் ஓர் ஊர்

ஸ்கார்பரோ 1998 வரை தனி நகரம். அந்த ஆண்டுதான் டொரன்டோவோடு இணைக்கப்பட்டது. அதன் பெருஞ்சாலைகள் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் விவசாய நிலத்தைப் பங்கு பிரிக்க நில அளவையாளர்கள் போட்ட கோடுகளின் மேல் அமைந்தவை. தெற்கிலிருந்து வடக்கே போனால் எக்ளின்டன், லாரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்டீல்ஸ். ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 2 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த நிலமெல்லாம் வீட்டு மனைகளாக மாறியபோது, அந்தப் பெரிய கட்டங்களுக்குள் நேர்த் தெருக்கள் போடவில்லை. வளைந்து வளைந்து வந்த வழிக்கே திரும்பும் தெருக்களும் முட்டுச் சந்துகளும்தான் போட்டார்கள். வீடுகள் பெருஞ்சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. காரில் வந்து போகிறவருக்கு அது அமைதியான தெரு. நடந்து போகிறவருக்கோ, பின்வேலிக்கு அப்பால் பேருந்து போவது சமையலறை ஜன்னல் வழியே தெரியும். அதை அடைய ஊரையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

பேருந்துகள் இந்தக் கட்டத்தின் மேல் பாய் முடைந்ததுபோல ஓடுகின்றன: சில கிழமேல், சில தென்வடல். லாரன்ஸ் சாலையில் 54, ஃபின்ச்சில் 39, மார்க்கம் சாலையில் 102. எங்கே போக வேண்டுமானாலும் ஒரு கிழமேல் வண்டி, ஒரு தென்வடல் வண்டி. நடுவில் ஒரு சந்திப்பில் இறங்கி மாற வேண்டும். இதைப் புரிந்துகொண்ட நாளில் வரைபடத்தைப் பார்க்கும் பயம் எனக்குப் போய்விட்டது. ஆனால் மாறி ஏறும் ஊரில்தான் இடைவெளியின் கொடுமை இரட்டிப்பாகிறது. இரண்டு வண்டிகளும் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால், எவ்வளவு துரதிருஷ்டம் வந்தாலும் காத்திருப்பு இருபது நிமிடம். இரண்டும் அரை மணிக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரம் நிறுத்தத்திலேயே கரைந்துவிடும். பயணம் என்னவோ இருபது நிமிடம்தான்.

டொரன்டோவின் போக்குவரத்து அமைப்பான டி.டி.சி., பத்து நிமிடத்துக்கு ஒன்று அல்லது அதைவிட நெருக்கமாக, வாரத்தின் ஏழு நாளும் காலையிலிருந்து நள்ளிரவு தாண்டியும் ஓடும் தடங்களை மட்டும் தனியாக ஒரு வரைபடமாகப் போட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் அனுப்புவது அதைத்தான். அந்தக் கோடுகளில் ஒன்றிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் வீடு அமைந்தால், வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுத்துவிடுங்கள் என்பேன். நாங்கள் அப்படித்தான் ஏப்ரலில் லாரன்ஸ் சாலைக்கு நான்கு நிமிடத்தில் ஒரு வீட்டுக்கு மாறினோம். முன்னதைவிடச் சின்ன இடம். ஆனாலும் மகன் முதல் வாரத்திலேயே, “அம்மா, இங்க பஸ் நமக்காக வந்துகிட்டே இருக்கு” என்றான்.

அந்த யாழ்ப்பாண அம்மாவை இப்போது அன்ரி என்று கூப்பிடுகிறேன். அவர் கனடாவுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களில் பலரைப் போல அவர் குடும்பமும் முதலில் நகர மையத்தில், வெல்லெஸ்லி தெருவுக்கும் பார்லிமென்ட் தெருவுக்கும் பக்கத்தில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில்தான் இருந்தது. “சப்வே காலடியில. வேலை முடிஞ்சு ரா ஒரு மணிக்கும் வீட்டை வந்து சேரலாம். பிறகு வீடு வாங்கி இஞ்சால வந்திட்டம். இஞ்ச கார் இல்லாட்டி ஏலாது எண்டு ஆச்சு” என்றார். வீடு விரிந்தது, கால் சுருங்கியது. அவர் கணவர்தான் கார் ஓட்டியவர். கணவர் காலமான பிறகு, அறுபத்திரண்டு வயதில் அன்ரி மறுபடியும் பேருந்துத் தடங்களைப் படிக்கத் தொடங்கினாராம்.

ஒரு தட்டுக்கு இரண்டு மணி நேரம்

பிரெஸ்டோ என்ற கட்டண அட்டையை வாங்கி, பேருந்தில் ஏறும்போது கருவியில் ஒரு தட்டு. 2023 முதல் பெரியவர்களுக்கு 3 டாலர் 30 சென்ட். வங்கி அட்டையையும் தட்டலாம். 12 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நகராட்சியின் ஃபேர் பாஸ் என்ற சலுகைத் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும், அது மனதை வருத்துகிறது.

பலர் கவனிக்காமல் விடுவது 2018இல் வந்த இரண்டு மணி நேர விதி. ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும், எந்தத் திசையில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அதற்கு முன்பு இருந்த காகித மாற்றுச் சீட்டில் இந்தச் சுதந்திரம் இல்லை. இப்போது 54இல் போய் இறங்கி, கடையில் முக்கால் மணி நேரம் சாமான் வாங்கி, அதே கட்டணத்தில் திரும்பிவிடலாம். 20 பவுண்டு அரிசி மூட்டை 9 கிலோ, ஒன்டாரியோவில் பைகளில் வரும் 4 லிட்டர் பால் 4 கிலோ. அதற்கு மேல் காய்கறி. அன்ரியின் தள்ளுவண்டியைப் போல ஒன்று வாங்கிய பிறகுதான் என் தோள்கள் பிழைத்தன. ஓட்டுநரிடம் கேட்டால் முன்வாசலைத் தாழ்த்திக் கொடுப்பார். அதற்கு வயதாகியிருக்க வேண்டும் என்றில்லை. இறங்கும்போது பின்கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்கக் கூடாது, கையால் தள்ள வேண்டும். நான் முதல் வாரம் கதவின் முன் திகைத்து நின்றபோது, முகம் தெரியாத நான்கைந்து பேர் எனக்காக “பேக் டோர்!” என்று ஓட்டுநரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். அன்றைக்கு ஊரே என் பக்கம் நிற்பதுபோல இருந்தது.

மாதச் சீட்டு 2025இல் 156 டாலர். 48ஆவது பயணத்திலிருந்துதான் அது லாபம். வாரம் ஐந்து நாள் போய்வருகிறவருக்கு மாதம் 44 பயணம் ஆகும். வார இறுதியில் வெளியே போகிறவரா, வீட்டில் இருப்பவரா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கட்டணத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் மாற்றம் ஸ்டீல்ஸ் சாலையில் நடந்தது. அந்தச் சாலைதான் டொரன்டோவின் வடக்கு எல்லை. அதைத் தாண்டினால் மார்க்கம். தொழிற்கூடங்களும் கிடங்குகளும் நிறைந்த ஊர். ஸ்கார்பரோவின் பேஸ்மென்ட்களில் இருந்து வேலைக்குப் போகிறவர்கள், எல்லை தாண்டியதும் வேறு நிறுவனத்தின் பேருந்துக்கு இன்னொரு முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அதை மிச்சம் பிடிக்க ஸ்டீல்ஸில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தவர்கள் உண்டு. என் கணவரும் ஒரு குளிர்காலம் அப்படி நடந்தார். 2024 பிப்ரவரி 26 முதல் ஒரே கட்டணத் திட்டம் வந்தது. டி.டி.சி.யிலிருந்து அண்டைப் பகுதிகளான யார்க், டர்ஹம், பிராம்டன், மிசிசாகா பேருந்துகளுக்கும் கோ என்ற புறநகர் ரயிலுக்கும் மாறும்போது இரட்டைக் கட்டணம் இல்லை. ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலியிலிருந்து இரண்டு முழுக் கட்டணம் மிச்சமாவது என்ன என்பது, அந்த எல்லையைத் தாண்டி நடந்தவர்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: கோ ரயிலில் இறங்கும்போதும் தட்ட வேண்டும். மறந்தால் அதிகக் கட்டணம் பிடித்துக்கொள்ளும்.

இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை சப்வே காலை எட்டு மணிவாக்கில்தான் தொடங்கும். ஏழு மணி வேலைக்கு அதை நம்பிக் கிளம்பக் கூடாது. நள்ளிரவுக்குப் பின் ஓடும் பேருந்துகளின் எண் 3இல் தொடங்கும் மூன்று இலக்கம். அவை வேறு நேர அட்டவணையில் ஓடுபவை. இரவு ஒன்பது மணியிலிருந்து அதிகாலை ஐந்து வரை, தனியாகப் போகிறவர்கள் ஓட்டுநரிடம் சொல்லி இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே தங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். 1991இல் பெண்களின் பாதுகாப்புக்காகத் தொடங்கிய ஏற்பாடு, இப்போது எல்லோருக்கும் உண்டு. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வேலை முடிந்து இரவு பத்தரைக்கு, என் தெருமுனையில் எனக்காக மட்டும் அவ்வளவு பெரிய வண்டி நின்று, நான் நடைபாதையில் ஏறும்வரை விளக்கொளியோடு காத்திருந்து கிளம்பியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையசைப்பேன்.

நின்றுபோன ரயில்

நாங்கள் வந்தபோது ஸ்கார்பரோவுக்கு ஒரு குட்டி ரயில் இருந்தது. கென்னடியிலிருந்து மெக்கோவன் வரை ஆறு நிலையங்கள், 6.4 கிலோமீட்டர், 1985இல் தொடங்கியது. வயதாகிப்போன ரயில்தான், 2023 நவம்பரில் நிறுத்துவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். ஆனால் அதற்குள், 2023 ஜூலை 24 மாலை, எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே கடைசிப் பெட்டி தனியாகக் கழன்று தடம்புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். அன்றைக்கு நின்ற ரயில் பிறகு ஓடவேயில்லை. அதற்குப் பதிலாக சப்வேயை லாரன்ஸ், ஸ்கார்பரோ சென்டர், ஷெப்பர்ட் என்று மூன்று நிலையங்களோடு 7.8 கிலோமீட்டர் நீட்டிக்கும் வேலை நடக்கிறது. அது முடியும்வரை ஸ்கார்பரோ மக்களைச் சுமப்பது பேருந்துதான்.

பேருந்தைச் சிலர் இல்லாதவர்களின் வண்டி என்று பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. காலை ஆறு மணிக்கு மார்னிங்சைடிலோ எக்ளின்டனிலோ ஏறிப் பாருங்கள்: முதியோர் இல்லத்துக்குப் போகும் பராமரிப்புப் பெண்கள், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள், சமையல்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள். அந்த வண்டி ஒருநாள் வராவிட்டால் இந்த நகரம் எழுந்திருக்காது. 2020 அக்டோபரில் எக்ளின்டன் கிழக்கு, கிங்ஸ்டன் சாலை, மார்னிங்சைடு வழியாகப் பேருந்துக்கென்று தனித் தடம் சிவப்பு வண்ணம் பூசித் திறந்தார்கள். நகரத்தின் தனித்தடத் திட்டத்தில் முதல் தடம் அது. கார்கள் பக்கத்தில் தேங்கி நிற்க, நிறைந்த பேருந்து தடையின்றிப் போகும்போது, உள்ளே இருக்கிறவர்களின் நேரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று யாரோ ஒத்துக்கொண்டதுபோல இருக்கிறது. இப்படிப்பட்ட தடங்கள் இன்னும் பல மடங்கு வேண்டும்.

‘இன்னும் கார் வாங்கலையா?’

இந்தக் கேள்வி கேட்கப்படாத தமிழ் விசேஷம் இல்லை. கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். கார் இங்கே நம்மவர்களுக்கு வெறும் வாகனம் இல்லை. காலூன்றிவிட்டோம் என்பதற்கான சாட்சி. ஊருக்கு அனுப்பும் முதல் புகைப்படமே பலருக்குக் காரின் பக்கத்தில் நின்று எடுத்ததுதான். திருமண மண்டபங்களும் அதற்கேற்ற இடங்களில்தான் இருக்கின்றன. தொழிற்பேட்டை நடுவே, நடைபாதை முடிந்துபோன இடத்தில். போய்ச் சேர்ந்துவிடலாம். இரவு பதினொன்றரைக்குச் சாப்பாடு முடிந்து திரும்புவதுதான் பாடு. “நாங்க கொண்டுபோய் விடுறோம்” என்பார்கள். அவர்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும், பட்டுப்புடவையோடு பின் இருக்கையில் நெருக்கி உட்கார வேண்டும், மூன்று முறை நன்றி சொல்ல வேண்டும். இப்போது அந்த இரவுகளுக்கு டாக்சிக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்கிறேன். மகனுக்கு நடு இரவில் காய்ச்சல் கண்ட அன்றும் டாக்சிதான். மாதத்துக்கு இரண்டு முறை டாக்சியில் போவது தோல்வி இல்லை. கார் இல்லாத வீட்டின் செலவுக் கணக்கில் அதுவும் ஒரு வரி.

உரிமம் எடுக்க வேண்டாம் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். இந்திய, இலங்கை உரிமங்களை இங்கே நேரடியாக மாற்றித் தருவதில்லை. குடியேறி 60 நாள் வரை அதை வைத்து ஓட்டலாம். பிறகு ஜி1 எழுத்துத் தேர்வு: 40 கேள்விகள், தமிழிலேயே எழுதலாம். அடுத்து ஜி2, அதன்பின் முழு ஜி உரிமம். ஊரில் ஓட்டிய அனுபவத்துக்குச் சான்று கொண்டுவந்தால் காத்திருக்கும் காலம் குறையும். விமானம் ஏறுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதை வாங்கிவிடுங்கள். வேலைக்கு அடையாள அட்டையாகவும் உரிமம் உதவும். நானும் ஜி2 வரை வந்திருக்கிறேன். ஆனால் முதல் வருடமே காரை வாங்கி, தவணையும் காப்பீடும் பெட்ரோலுமாகக் கட்டுவதற்காகவே இரண்டாவது வேலைக்குப் போன ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அவனுடைய குழந்தை அவனைத் தூக்கத்தில்தான் பார்த்தது. முதல் இரண்டு வருடம் நல்ல தடத்தின் மேல் ஒரு சின்ன வீடு போதும் என்று அவனிடம் சொல்ல அப்போது ஆளில்லை.

எங்கள் வீட்டுக்குக் கார் தராத ஒன்றையும் பேருந்து தந்தது. மார்க்கம் சாலையில் உள்ள சீடர்ப்ரே நூலகக் கிளையில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. மகனும் நானும் சனிக்கிழமைதோறும் போவோம். கோடையில் 54இன் கிழக்குக் கோடி வரை சும்மா போய் ஏரியைப் பார்த்துவிட்டு வருவோம். ஒரு தெருப் பெயரைச் சொன்னால் அதற்கு முந்திய நிறுத்தமும் பிந்திய நிறுத்தமும் என் மகன் சொல்வான். இந்த ஊரைப் பிறந்த ஊர்போலப் படித்தவன் எங்கள் வீட்டில் அவன்தான்.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண், செவிலியர் படிப்புக்கு வந்தவள், வீடு ஒன்று பார்த்துவிட்டதாகப் போன் செய்தாள். “நல்ல வீடு அக்கா. ஜன்னல் பெருசு. வாடகையும் நாம நினைச்சதைவிடக் கம்மி. ஸ்டாப்பு பத்து நிமிஷம்தான்.” ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அந்த நிறுத்தத்துக்கு வந்துவிடு, நானும் வருகிறேன் என்றேன். முந்தைய இரவு பனி பெய்திருந்தது. சுடச்சுடக் காப்பி கொண்டுபோயிருந்தேன். ஆளுக்கு ஒரு கோப்பை குடித்தோம். அடுத்த வண்டி எப்போது வரும் என்று அவள் போனில் பார்க்க முயன்றாள். போனும் குளிரில் அணைந்துவிட்டது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஊரில் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் பற்றிப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றுவிட்டது. இருபத்தேழாவது நிமிடம் வண்டி வந்தது.

ஏறி உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி விரல்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: “அக்கா, லாரன்ஸ் பக்கம் சின்னதா ஏதாவது இடம் இருக்குமா?”